மார்மைட்டும் ஈரல் சாறும்: லூசி வில்ஸ் கண்டறிந்தது எதை?

விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தத்தை ஸ்லைடின் ஓரத்தில் வைத்து, இன்னொரு ஸ்லைடைச் சுமார் 30 டிகிரி சாய்வில் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால் மெல்லிய படலம் விழும். துளி பெரிதானால் படலம் தடித்து, அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கை தயங்கினால் குறுக்கே கோடு கோடாக நிற்கும். படலத்தைக் காற்றில் உலரவிட்டு, லீஷ்மன் சாயம் ஊற்றி இரண்டு நிமிடம் வைக்க வேண்டும். பிறகு சாயத்தைப் போல் இரு மடங்கு நீர் சேர்த்து ஏழெட்டு நிமிடம். கழுவி எடுத்தால் நுண்ணோக்கிக்குத் தயார்.

இரும்புச் சத்து குறைந்த ரத்தம் என்றால் சிவப்பணுக்கள் சிறுத்து, நடுவே வெளிறிப்போய், வளையம் போலத் தெரியும். நம் ஊரில் ரத்த சோகை என்றதும் மருத்துவர் மனதில் முதலில் வருவது இந்தப் படம்தான். 1928இல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் ஆராய்ந்த கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இருந்தது இதற்கு நேர்மாறான காட்சி. அணுக்களின் எண்ணிக்கை பயங்கரமாகக் குறைந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு அணுவும் பெரிதாக, நிறம் நிறைந்து இருந்தது. சாதாரணச் சிவப்பணுவின் அகலம் 7 மைக்ரானுக்குச் சற்றே அதிகம். ரத்தத்தைச் செலுத்தினால் அணுவின் சராசரிப் பருமனைச் சொல்லிவிடும் இயந்திரம் அன்று கிடையாது. நுண்ணோக்கியின் கீழ் நூற்றுக்கணக்கான அணுக்களின் விட்டத்தை ஒவ்வொன்றாக அளந்து, வரைபடமாகப் போட்டுத்தான் ‘பெரியது’ என்று சொல்ல முடிந்தது.

இந்தப் பெரிய அணுக்களுக்குக் காரணம் தேடியதுதான் வில்ஸின் வாழ்நாள் வேலை. பொதுவாக இந்தக் கதையைச் சொல்பவர்கள் மார்மைட் டப்பாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: ஆங்கிலேய டாக்டரம்மா ஒருவர் ரொட்டியில் தடவும் மலிவான பண்டத்தால் இந்தியத் தாய்மார்களைக் காப்பாற்றினார் என்று. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு மார்மைட் பலித்ததில் இல்லை. சோகைக்கு அன்று மருந்தாகத் தந்த ஈரல் சாறு, சுத்திகரித்தபின் பலிக்காமல் போனதில் இருக்கிறது.

லூசி வில்ஸ் 1888 மே 10 அன்று பர்மிங்ஹாமை ஒட்டிய சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தார். அப்பாவின் குடும்பம் அரிவாள் முதலான வெட்டுக் கருவிகள் செய்யும் தொழில் நடத்தியது. அம்மாவின் அப்பா ஊரறிந்த மருத்துவர். பெண்பிள்ளைகளுக்கு அறிவியலும் கணக்கும் முறையாகக் கற்பித்த செல்ட்டனம் பெண்கள் கல்லூரிப் பள்ளியில் படித்துவிட்டு, 1907இல் கேம்பிரிட்ஜின் நியூன்ஹம் கல்லூரிக்குப் போனார். எடுத்த பாடம் தாவரவியலும் நிலவியலும். 1911இல் தேர்வில் தேறினார், பட்டம் கிடைக்கவில்லை. பெண்களுக்கு முழுப் பட்டம் தர கேம்பிரிட்ஜ் ஒப்புக்கொண்டது 1948இல்தான்.

அதே 1911இல் அப்பா இறந்தார். 1913இல் சகோதரியும் போய்ச் சேர்ந்தார். அந்த ஆண்டு அம்மாவோடு இலங்கை வரை ஒரு பயணம். அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்கா. முதல் உலகப் போர் மூண்டபோது கேப் டவுனில் இருந்தார்; அங்கே ஒரு மருத்துவமனையில் தொண்டராகச் செவிலியர் வேலை பார்த்தார். ஊர் திரும்பியதும் 1915 ஜனவரியில் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். படிப்பு முடித்து 1920இல் டாக்டராக வெளியே வந்தபோது வயது 32. தனியாக க்ளினிக் வைக்கவில்லை. ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆய்வகத்தில் கர்ப்பகால உடல்வேதி மாற்றங்களை ஆராயும் வேலையில் அமர்ந்தார்.

இந்தியாவில் நெடுங்காலம் பணியாற்றிய டாக்டர் மார்கரெட் பால்ஃபர்தான் அவரை பம்பாய்க்கு அழைத்தவர். பேறுகால மரணங்களைப் பற்றிய விசாரணை ஒன்று அப்போது நடந்துகொண்டிருந்தது. துணி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் பெண்கள் கர்ப்பத்தின் பிற்பகுதியில் வெளிறி, கால் வீங்கி, மூச்சு வாங்கி, பிரசவத்தின்போதோ அதை ஒட்டியோ இறந்துகொண்டிருந்தார்கள். பம்பாயின் ஹாஃப்கின் ஆராய்ச்சி நிறுவனத்தில் இடம் கிடைத்தது. 1928 முதல் 1933 வரை பெரும்பாலும் அங்கேதான் வேலை.

முதலில் தொற்றாக இருக்குமோ என்று சிறுநீரையும் மலத்தையும் சோதித்தார். கிருமி எதுவும் பிடிபடவில்லை. பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினார். எந்த வகுப்புப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அவர்களில் யாருக்கு நோய் அதிகம் என்று ஒப்பிட்டபோது வசதியான வீட்டுப் பெண்களுக்கு இது அரிது என்பது தெரிந்தது. ஏழை முஸ்லிம் பெண்களின் உணவுதான் மிக மோசம். நோயும் அவர்களிடம்தான் மிக அதிகம். கூலி குறைந்தால் முதலில் தட்டிலிருந்து காணாமல் போவது காய்கறியும் கீரையும் பாலும் கறியும். மிஞ்சுவது தானியம். வயிற்றில் பிள்ளை வளரும் காலத்தில் அது போதாது.

அடுத்த கட்டம் எலிகள். அந்தப் பெண்கள் சாப்பிடுவது போன்ற உணவையே கருவுற்ற எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் ரத்த சோகை வந்தது. குட்டி போடும் முன்பே செத்தன. உணவில் ஈஸ்ட் சேர்த்தால் பிழைத்தன. வைட்டமின் ஏ, சி இரண்டும் பலன் தரவில்லை. பாதை தெளிவாகிவிட்டது போல் இருந்த நேரத்தில் ஒரு கோளாறு வெளிப்பட்டது. எலிகளின் உடம்பில் பேன். பேன் வழியாகப் பரவும் பார்டோனெல்லா என்ற கிருமி எலியின் சிவப்பணுக்களைத் தாக்கும். ஊட்டம் குறைந்த எலியில் அது தலைதூக்கும். ஆகவே எலிக்கு வந்த சோகையில் உணவின் பங்கு எவ்வளவு, பேனின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. கூண்டுகளைக் கழுவிப் பேனை ஒழித்துப் பார்த்த பிறகு, எலி இந்த நோய்க்குச் சரியான மாதிரி இல்லை என்பது உறுதியானது. மனிதருக்கு நெருங்கிய ரீசஸ் குரங்குகளுக்கு மாறினார். தன் சோதனையிலேயே ஓட்டை இருக்கிறது என்று தெரிந்ததும் அதை மூடி மறைக்காமல் விலங்கையே மாற்றியது, என் பார்வையில், இந்த வரலாற்றின் மிகப் பெரிய தருணங்களில் ஒன்று.

நோயாளிகளுக்கு மருந்து பலிக்கிறதா என்று அந்தக் காலத்தில் எப்படிப் பார்த்தார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் ஏறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும்; அதற்குள் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டாலேயே ஆள் தேறிவிடலாம். அதனால் எண்ணியது இளம் சிவப்பணுக்களை. ஒரு துளி ரத்தத்தோடு பிரில்லியன்ட் கிரெசில் புளூ சாயத்தைக் கலந்து கால் மணி நேரம் வைத்துப் படலம் இழுத்தால், எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த அணுக்களுக்குள் நீல வலை தெரியும். சாதாரணமாக நூற்றுக்கு ஒன்று இருக்கும். நோயாளியைச் சில நாள் ஒரே உணவில், மருந்தே இல்லாமல் வைத்துத் தினமும் எண்ண வேண்டும். எண்ணிக்கை அசையாமல் நிற்கிறது என்று உறுதியான பிறகு ஒரே ஒரு பொருளைச் சேர்க்க வேண்டும். அது சரியான பொருள் என்றால் மூன்றாம் நான்காம் நாள் எண்ணிக்கை ஏறத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் உச்சம் தொட்டு இறங்கும். சோகை எவ்வளவு கடுமையோ உச்சமும் அவ்வளவு உயரம். ஒரே நேரத்தில் இரண்டு பொருளைக் கொடுத்தாலோ, வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டைக் கண்காணிக்காமல் விட்டாலோ முடிவைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

மார்மைட் என்பது பீர் ஆலையில் மிஞ்சும் ஈஸ்ட்டை உப்போடு சேர்த்துத் தானே சிதையவிட்டுச் சுண்டக் காய்ச்சிய கரும்பழுப்புக் குழம்பு. இலங்கையில் வளர்ந்தவர்களுக்கு அந்த நெடியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஈரல் சாற்றோடு ஒப்பிட்டால் மிக மலிவு. அதைக் கொடுத்ததும் பெண்களுக்கு நாலே நாளில் பசி திரும்பியது, இளம் அணுக்கள் பெருகின. 1931 ஜூனில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வில்ஸ் இதை வெளியிட்டார். பம்பாயில் செய்த தொடர் ஆய்வுகளில் தால்பாடே, மேத்தா, பிலிமோரியா ஆகிய இந்திய ஆராய்ச்சியாளர்களின் பெயர்களும் அவர் பெயரோடு கட்டுரைகளில் இருக்கின்றன. மறுபதிப்புக் கதைகளில் அவர்கள் விடுபட்டுப் போவது நியாயமில்லை.

இந்த ஆய்வின் சில மாதங்கள் நம் மண்ணிலும் கழிந்தன. 1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் வேலை செய்தார். ராபர்ட் மெக்கரிசன் அங்கே உணவூட்ட ஆய்வுக்குத் தலைவராக இருந்த காலம் அது. அந்த ஆய்வுப் பிரிவுதான் பின்னால் 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக இருக்கிறது. 1931 தொடக்கத்தில் சென்னையில் காஸ்ட் அண்ட் கோஷா மருத்துவமனையில் இருந்தார். திருவல்லிக்கேணிக்காரர்கள் இன்னும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று சொல்லும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனைதான் அது. அதை 1885இல் தொடங்கிய மேரி ஷார்லிப், சென்னை மருத்துவக் கல்லூரியிலும், வில்ஸ் பிறகு படித்த அதே லண்டன் பெண்கள் பள்ளியிலும் படித்தவர்.

இனி ஈரல் சாறு. 1926இல் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி இருவரும் பெர்னிஷஸ் அனீமியா என்ற கொடிய சோகைக்கு ஈரலைச் சாப்பிடக் கொடுத்துக் குணமாக்கிக் காட்டியிருந்தார்கள். அந்த நோயிலும் சிவப்பணுக்கள் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் அதில் வயிற்று அமிலம் சுரக்காது; பல பேருக்குக் கால் மரத்து, தண்டுவடம் கெட்டு, நடை தள்ளாடும். பம்பாய்ப் பெண்களிடம் இந்த நரம்புக் கோளாறு வழக்கமாக இல்லை. இரண்டும் ஒரே நோயா, வேறு வேறா?

ஈரலைச் சாறெடுத்து, படிப்படியாகச் சுத்திகரித்து, ஊசியாகப் போடும் அளவுக்கு அப்போது மருந்து நிறுவனங்கள் கொண்டுவந்திருந்தன. சுத்தம் கூடக் கூட பெர்னிஷஸ் அனீமியாவுக்கு அதன் வீரியமும் கூடியது. வில்ஸ் குரங்குகளில் சோதித்தபோது கண்டது வேறு: சுத்திகரிக்காத முரட்டுச் சாறு பலிக்கிறது, மார்மைட் பலிக்கிறது, சுத்திகரித்த சாறு பலிக்கவில்லை. கிளட்டர்பக், பார்பரா எவன்ஸ் ஆகியோரோடு சேர்ந்து 1937இல் இதை வெளியிட்டார். அந்த ஆண்டு இறுதியில் மீண்டும் பத்து வாரம் ஹாஃப்கின் நிறுவனத்துக்கு வந்தார். இம்முறை சவுதாம்ப்டனிலிருந்து கராச்சி வரை இம்பீரியல் ஏர்வேஸின் நீர்விமானத்தில், வழியில் ஐந்து இரவு தங்கி, பிறகு கப்பலில். நோயாளிகளிடமும் அதே முடிவுதான் என்பது 1938இல் லான்செட்டில் வந்தது.

இதன் பொருள் மிகப் பெரியது. ஈரலில் ரத்தத்தை வளர்க்கும் பொருள் ஒன்றல்ல, இரண்டு. சுத்திகரிக்கும்போது ஒன்று செறிகிறது, இன்னொன்று கழிவோடு போய்விடுகிறது. கழிவோடு போனதைப் பிறர் ‘வில்ஸ் ஃபாக்டர்’ என்று அழைத்தார்கள். செறிந்து நின்றது வைட்டமின் பி12 என்பது 1948இல் தெரிந்தது. பெயரோ வடிவமோ தெரியாத இரு பொருள்களை, எது யாரைக் குணமாக்குகிறது என்ற ஒரே அளவுகோலால் பிரித்துக் காட்டியதுதான் வில்ஸின் சாதனை.

காணாமல் போன அந்தப் பொருள் 1941இல் டெக்சஸில் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. நான்கு டன் கீரை தேவைப்பட்டது. இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். அதை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்தது லெடர்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தில் எல்லாப்ரகட சுப்பாராவின் தலைமையில் இயங்கிய குழு. அவர் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய் பறித்தது. அவரையே அது சாவின் விளிம்பு வரை கொண்டுபோனது. ஸ்ப்ரூ வந்த குடல் எதை உறிஞ்ச முடியாமல் விடுகிறதோ அதில் முக்கியமானது ஃபோலிக் அமிலம். பம்பாய்த் தாய்மாரின் ரத்தத்தில் தொடங்கிய தேடலுக்குச் சென்னையில் படித்த ஒருவர் முடிச்சுப் போட்டார்.

அணு ஏன் பெரிதாகிறது? செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் டி.என்.ஏ. இரட்டிக்க வேண்டும். அதன் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமின் தயாராகும் படியில் ஃபோலேட் (ஃபோலிக் அமிலம் உணவில் இருக்கும் வடிவம்) தேவை. அது இல்லாவிட்டால் உட்கரு பிரிய முடியாமல் காத்து நிற்கும். வெளியே ஹீமோகுளோபின் உற்பத்தி மட்டும் தடையில்லாமல் நடக்கும். செல் பருத்துக்கொண்டே போகும். இப்படிப் பருத்தவற்றில் பெரும்பாலானவை எலும்பு மஜ்ஜையிலேயே சிதைந்துவிடும். தப்பி வெளியே வருபவை பெரியவை, ஆனால் சொற்பம். வெள்ளணுக்களிலும் இதன் தடயம் இருக்கும்: மூன்று நான்கு மடல் இருக்க வேண்டிய உட்கரு ஆறு மடலாகப் பிரிந்து தெரியும். உடம்பில் ஃபோலேட் இருப்பு சில மாதங்களுக்குத்தான் காணும். பி12 இருப்போ ஆண்டுக்கணக்கில் வரும். கர்ப்பத்தில் தேவை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராமிலிருந்து 600 ஆக உயர்வதால், விளிம்பில் இருந்த பெண் முதலில் சரிவது ஃபோலேட்டில்தான். இதில் சமையலுக்கும் பங்கு உண்டு. ஃபோலேட் நீரில் கரையும், சூட்டில் அழியும். கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் சத்தின் பெரும்பகுதி சாக்கடைக்குப் போகிறது. ஆட்டுப்பாலில் இது மிகக் குறைவு. ஆட்டுப்பால் மட்டுமே குடித்து வளரும் கைக்குழந்தைக்கு இதே பெரிய அணுச் சோகை வரும்.

வில்ஸ் 1933இல் ராயல் ஃப்ரீக்கு முழுநேரமாகத் திரும்பியிருந்தார். போர்க்காலத்தில் அங்கே நோய்க்குறியியல் பொறுப்பு அவருடையது. 1944 ஜூலையில் மருத்துவமனைமீது ஜெர்மனியின் பறக்கும் குண்டு விழுந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. ஆய்வக வேலை சில நாள் தடைப்பட்டதோடு சரி. போர் முடிவதற்குள் அங்கே முதல் ரத்தவியல் துறையை நிறுவியிருந்தார். ரேஷன் உணவும் இரும்பு மாத்திரையும் கர்ப்பிணிகளின் ஹீமோகுளோபினை எப்படி மாற்றின என்ற ஆய்வை 1947இல் வெளியிட்டு, அந்த ஆண்டே ஓய்வுபெற்றார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று போய் ஊட்டக்குறைவையும் சோகையையும் கவனித்துக்கொண்டே இருந்தார். கடைசிப் பத்தாண்டு லண்டனில் செல்சி உள்ளாட்சி மன்றத்தில் தொழிற்கட்சி உறுப்பினர். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1964 ஏப்ரலில் காலமானார்.

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்குத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒன்று, 180 நாள்; பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள். முதல் மூன்று மாதத்துக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தனியாக.

மாத்திரை இருந்தும் தவறு நடக்கும் இடங்கள் உண்டு. இரும்பும் ஃபோலேட்டும் சேர்ந்து குறைந்தால் ரத்தத்தில் சிறிய அணுவும் பெரிய அணுவும் கலந்திருக்கும். இயந்திரம் தரும் எம்.சி.வி., அதாவது அணுவின் பருமன், சராசரிதான்; அது சாதாரண அளவான 80க்கும் 100க்கும் நடுவில் விழுந்து, எல்லாம் சரி என்று சொல்லிவிடும். அணுக்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் ஆர்.டி.டபிள்யூ. எண் கூடவே அச்சாகும்; அது உயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பவரும், ஒரு ஸ்மியர், அதாவது ரத்தப் படலம், போட்டுப் பார்ப்பவரும்தான் ஏமாறாமல் இருப்பார்கள்.

இன்னொரு தவறு இதைவிட ஆபத்தானது. பெரிய அணுச் சோகைக்குக் காரணம் பி12 குறைவாக இருக்கும்போது, அதைச் சோதிக்காமல் அதிக அளவு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும், நரம்பு தொடர்ந்து கெடும். கால் மரத்துப்போய் அந்தப் பெண் திரும்பி வரும்போது சேதத்தில் ஒரு பகுதி நிரந்தரமாகியிருக்கும். இறைச்சி, முட்டை, பால் மூன்றும் மிகக் குறைவாகச் சாப்பிடுபவர்களிடம் இந்த எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். சுத்திகரித்த சாறு பம்பாயில் தோற்றபோது வில்ஸ் இரு பொருளுக்கும் நடுவே வரைந்த அதே கோடுதான் இங்கேயும் குறுக்கே நிற்கிறது.

மூன்றாவது, நேரம். 1991இல் வெளியான பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆய்வு, ஏழு நாடுகளில் 1,817 பெண்களிடம் நடந்தது. முன்பு தண்டுவடக் குறைபாடுள்ள குழந்தை பெற்றவர்களுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்ததில், அந்தக் குறைபாடு மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. ஆனால் பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகும் கருவின் நரம்புக்குழாய் மூடிக்கொள்வது கருத்தரித்த 28 நாளுக்குள். பல பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனதே அப்போதுதான் உறைக்கும். சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து மாத்திரை கைக்கு வரும்போது அந்தக் கதவு சாத்தப்பட்டு வாரங்கள் ஆகியிருக்கும். அதனால்தான் பிள்ளை வேண்டும் என்று முடிவு செய்யும்போதே, கருத்தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்பு, 400 மைக்ரோகிராமைத் தொடங்கச் சொல்கிறார்கள். முன்பு இப்படிக் குழந்தை பிறந்திருந்தால் மருத்துவர் மேற்பார்வையில் அதன் பத்து மடங்கு.